கமா சார்

“மறுபடியும் திருப்பிட்டாரா? இந்தத் தடவை என்னவாம்?”

போனில் மேனேஜர் கத்தியது பக்கத்து மேஜை வரை கேட்டது.

“பதினேழாம் பக்கத்துல ரெண்டு வார்த்தைக்கு நடுவுல இடம் விடலையாம் சார்.”

சொல்லும்போதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏரிக்கு மேலே ரோப் கார் வரப்போகிறது. வந்தால் ஊருக்கு என்ன வருமானம், எத்தனை பேருக்கு வேலை, யாருடைய பிழைப்பாவது போகுமா என்றெல்லாம் ஆய்வு செய்து அவள் எழுதிய அறிக்கை அது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அவள் பெயர் போட்டு வரும் முதல் அறிக்கை.

அதைச் சுற்றுலா ஆபீஸில் வாங்கவேண்டிய கிளார்க்குக்கு எல்லோரும் வைத்த பெயர் ‘கமா சார்’. அறிக்கையில் உள்ள கணக்கைக் கேள்வி கேட்க அவருக்கு அதிகாரம் கிடையாது. எழுத்துப்பிழை, பக்க எண், மார்ஜின். இவை ஒழுங்காக இருந்தால் ஏற்பு முத்திரை குத்தவேண்டும், அவ்வளவுதான் அவர் வேலை.

ஆனால் மனிதர் குத்தினால்தானே! முதல் தடவை, பக்க எண் நடுவில் வரவேண்டும் என்றார். இரண்டாம் தடவை, தலைப்பில் ஒரு புள்ளி அதிகம் என்றார். இப்போது இடைவெளி. எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லித் தொலைக்கக் கூடாதா? வாரத்துக்கு ஒரு பிழைதான் அவர் கண்ணில் படும்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள முத்திரை விழலைன்னா அடுத்த ப்ராஜெக்ட் உனக்குக் கிடையாது, சொல்லிட்டேன். ஆமா, அந்த ஆள் ஏதாவது எதிர்பார்க்கிறாரோ?”

“ஜாடையா கேட்டுப் பார்த்துட்டேன் சார். ‘ஒரு காபிகூட வேண்டாம்மா, இடைவெளியைச் சரி பண்ணுங்க போதும்’ங்கிறார்.”

புதன்கிழமை காலை நாலாவது தடவையாகப் போனாள். இன்றைக்கும் ஏதாவது நொட்டை சொன்னால் நேராக டைரக்டர் அறைக்குப் போய்விடுவது என்று புகார்க் கடிதமும் எழுதி எடுத்துக்கொண்டுதான் போனாள்.

கவுண்டரில் அவளுக்கு முன்னால் ஒரு பெண்மணி. வெயிலில் கறுத்த கைகள். துணிப்பை நிறைய காகிதம். கமா சார் ஒவ்வொன்றாக வாங்கி, தேதி முத்திரை குத்தி, ரசீது கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எட்டிப் பார்த்தாள். எல்லாம் கோழி கிளறின மாதிரி கையெழுத்து. வரிக்கு நாலு பிழை.

“சார், என் அறிக்கை...”

“ஒரு அஞ்சு நிமிஷம் உட்காருங்கம்மா.”

“மூணு வாரமா அதைத்தானே சார் செய்யறேன்! இவங்க பேப்பர்ல பிழையைத் தவிர வேற எதுவும் இல்ல. அது உங்க கண்ணுக்குத் தெரியாது. என் ரிப்போர்ட்ல ஒரு இடைவெளி மட்டும் தெரியும், இல்ல?”

கமா சார் தலையை நிமிர்த்தவே இல்லை. டக், டக் என்று முத்திரை விழுந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண்மணிதான் சங்கடத்தோடு திரும்பினாள்.

“கோச்சுக்காதீங்கம்மா. நாங்க படகு ஓட்டுறவங்க, எங்க எழுத்து அவ்வளவுதான். நாப்பத்தி மூணு பேரு இருக்கோம். ஆளுக்கொரு மனு, அவங்கவங்க கையால எழுதித் தரணுமாம். விடிஞ்சா அடைஞ்சா தண்ணியிலதான் கிடக்கிறோம். செவ்வாய்க்கிழமை ஒரு நாள்தான் படகுக்கு லீவு. மூணு செவ்வாய் உட்கார்ந்து எழுதி முடிச்சோம்.”

“செவ்வாய்க்கிழமையா லீவு?”

“ஆமாம்மா. அதுல வந்த வினைதானே இது! ரோப் காருக்கு யாரோ ரிப்போர்ட் எழுதியிருக்காங்க. செவ்வாய்க்கிழமை பார்த்துத் துறைக்கு வந்திருக்காங்க. படகும் இல்ல, ஆளும் இல்ல. பிழைப்பு போறவங்க ‘யாரும் இல்லை’ன்னு எழுதிட்டாங்க. ஏத்துக்கிறதுக்கு முன்னாடி நோட்டீஸ் போர்டுல ஒட்டுவாங்களாம், அதை என் மக படிச்சுச் சொன்னா.”

அது அவளுடைய அறிக்கையேதான். ஒன்பதாம் அட்டவணை. துறைக்குப் போன அன்றைக்கு வெயில் தாங்காமல் பத்தே நிமிஷத்தில் காருக்குத் திரும்பியதும், மடியில் வைத்தே ‘யாரும் இல்லை’ என்று நிரப்பியதும் நன்றாக ஞாபகம் இருந்தது. வெட்கமாக இருந்தது.

“அந்த ரிப்போர்ட்டை ஆபீஸ்ல ஏத்துக்கிட்டா அப்புறம் மனுவே வாங்க மாட்டாங்களாம்மா,” என்றாள் அந்தப் பெண்மணி. “மனு முந்திக்கிட்டா, எங்களைக் கூப்பிட்டுக் கேட்காம ஒரு தூண்கூட நடக்கூடாதாம். ஏதோ எங்க நல்ல நேரம், அது இன்னும் ஏறலையாம்.”

நாற்பத்து மூன்றாவது மனுவிலும் முத்திரை விழுந்தது. கமா சார் இவள் பக்கம் கையை நீட்டி அறிக்கையை வாங்கினார். ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை.

“எல்லாம் சரியா இருக்கும்மா. ஏத்துக்கலாமா?”

முத்திரை மேலே போய்விட்டது. அவள் அவசரமாக அறிக்கையின் மேல் கையை வைத்தாள்.

“வேண்டாம் சார். ஒன்பதாம் அட்டவணையில ஒரு பிழை இருக்கு. நானே திருத்தி எடுத்துட்டு வரேன்.”

கமா சார் முத்திரையைக் கீழே வைத்தார். படகுக்காரப் பெண்மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இவங்க யாரு சார்?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கமா சார் ரசீதுக் கட்டை மூடியபடி சொன்னார்:

“உங்க மனு வந்து சேரணும்னு மூணு வாரமா நடையா நடந்தவங்கம்மா.”