காராமணி தின்னி

"ஒரு காராமணி தின்னி ஒழிஞ்சானா? நல்லதாப் போச்சு. இனிமே சந்தையில விலை இறங்கும்."

துக்கம் விசாரிக்கிற இடத்தில், கதவைத் திறந்ததும் திறக்காததுமாக அந்த ஆள் இப்படிச் சொன்னான். கையில் மூடி போட்ட ஒரு பெரிய பாத்திரம். 

பிரான்ஸில், லீல் நகரத்துப் பல்கலைக்கழகத்தில், எங்கள் ஆப்பிரிக்க மாணவர் சங்கத்தின் அறை அது. மூலையில் பக்காரி த்ராவோரே உட்கார்ந்திருந்தான். மாலியில் அவன் அப்பா இறந்துவிட்டார். அவனுடைய குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. இப்போது ஊருக்குக் கிளம்பினால் திரும்பி வர முடியாது. தகவல் வந்ததிலிருந்து அவன் அழவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சங்கத்தில் அவன் ஒருவன்தான் மாலிக்காரன். அவனை எப்படித் தேற்றுவது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பயமாகக்கூட இருந்தது.

சங்கத் தலைவி ஹெர்மினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெனின் நாட்டுப் பெற்றோருக்கு இந்த ஊரிலேயே பிறந்தவள். ஆப்பிரிக்கப் பண்பாட்டைக் காப்பாற்றவே பிறவி எடுத்தவள். அப்படித்தான் அவளே சொல்லிக்கொள்வாள். போன மாதக் கண்காட்சிக்கு அவள் தயாரித்த போஸ்டர்களை இன்னும் சுவரிலிருந்து கழற்ற விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் பார்டர் நிறம் தேர்ந்தெடுப்பதற்குள் எங்களைப் பாடாய்ப் படுத்தியிருந்தாள்.

"யாரு நீ? அப்பாவைப் பறிகொடுத்தவன்கிட்ட பேசற பேச்சா இது?"

"என் பேரு கொனே. அவன் த்ராவோரே. அதாவது என் அடிமை," என்றான் அவன் அசராமல். "அடிமையோட அப்பா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம எப்படிச் சாகலாம்? அதைக் கேட்கத்தான் வந்தேன்."

"அடிமையா?" ஹெர்மினின் குரல் கீச்சிட்டது. "நம்ம சங்கத்துக்குள்ள அந்த வார்த்தையா? யாராவது செக்யூரிட்டியைக் கூப்பிடுங்க."

நானும் எழுந்துவிட்டேன். பாத்திரத்தோடு சேர்த்து ஆளை வெளியே தள்ளிவிடுவது என்று முடிவு.

அப்போது பக்காரி தலையைத் தூக்கினான். மாலியில் பெரும்பாலோர் பேசும் பம்பராவில் அவனிடம் ஏதோ கேட்டான்.

"காராமணி தின்னிங்க பாஷையெல்லாம் நான் பேசறதில்ல," என்றான் கொனே, பிரெஞ்சிலேயே. "வாய் நாறும்."

பக்காரி அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான்.

"யாருடா காராமணி தின்னி? எங்க அப்பா செத்தார்னு தெரிஞ்சதும் பாத்திரத்தைத் தூக்கிட்டு ஓடி வந்திருக்கியே, மிச்சம் மீதி கிடைக்கும்னுதானே?"

"உங்க அப்பா மிச்சம் வெக்கிற ஆளா? ஆயுசு பூரா தின்ன காராமணியோட மேல போயிருக்கார். பாவம், அங்க இருக்கறவங்க இப்பவே ஜன்னலையெல்லாம் திறந்து வெச்சிருப்பாங்க."



பக்காரி சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"எங்க அம்மாவும் அதேதான் செய்வாங்க. அவர் சாப்பிட்டு எழுந்தாலே போதும், ஜன்னலைத் திறந்துடுவாங்க…"

சொல்லிக்கொண்டே இருந்தவன், நாங்கள் பார்க்கப் பார்க்கவே அழ ஆரம்பித்தான். தேக்கி வைத்திருந்த அத்தனையும் வெளியே வந்தது. கொனே பக்கத்தில் உட்கார்ந்து அவன் தோளில் கை போட்டுக்கொண்டான். பக்காரி அழுது ஓய்ந்ததும் கொனே பாத்திரத்தைத் திறந்தான். உள்ளே வெந்த காராமணி.

"தின்னுடா அடிமை."

பக்காரி தின்றான். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"அவனைத் திட்டாத ஹெர்மின்," என்றான் பக்காரி, வாய் நிறைய காராமணியோடு. "எங்க ஊர்ல த்ராவோரே வம்சத்துக்கும் கொனே வம்சத்துக்கும் கேலி முறை. எவ்வளவு திட்டினாலும் கோபப்படக் கூடாது. சாவு வீட்டுக்குக் கொனே வந்து, செத்தவரையே நாலு திட்டு திட்டிச் சிரிக்க வெச்சாத்தான் எங்களுக்கு ஆறுதல்."

ஹெர்மினின் முகம் தொங்கிப்போனது. பாத்திரத்தை விட்டுவிட்டுக் கிளம்பிய கொனேயைப் படிக்கட்டு வரை துரத்திக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன்.

"மன்னிச்சுக்கோங்க, கொனே. இந்த வழக்கம் எனக்குத் தெரியாமப் போச்சு."

அவன் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நான் கொனே இல்லைங்க. பேரு மலொங்கா, காங்கோக்காரன். யுனிவர்சிட்டி வாட்ஸப் குழுவுல நீங்க போட்ட துக்கச் செய்தியில த்ராவோரேன்னு பார்த்தேன். இந்த ஊர்ல அவன் கொனேக்கு எங்க போவான்? அதான் நானே வந்துட்டேன்."

"காங்கோக்காரருக்கு இந்த வழக்கமெல்லாம் எப்படித் தெரியும்?"

"உங்க கண்காட்சியிலதான் படிச்சேன். பச்சை பார்டர் போட்ட போஸ்டர்." அவன் உண்மையான மரியாதையோடு சொன்னான். "ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க."

ஹெர்மின் விருட்டென்று திரும்பி நடந்தாள். அறைக்குத் திரும்பியதும் நேராகப் பச்சை பார்டர் போஸ்டருக்கு முன்னால் போய் நின்றாள். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய அந்த எழுத்துகளை முதல்முறையாக வரி விடாமல் படித்தாள். பார்டர் அழகாகத்தான் இருந்தது.

பக்காரி பாத்திரத்தின் அடியை வழித்துக்கொண்டிருந்தான்.

"ஹெர்மின், ஒரு உதவி பண்ணு," என்றான் நிமிராமலே. "அவன் கொனே இல்லன்னு எனக்குத் தெரியும். அதை அவன்கிட்ட சொல்லிடாத. சொன்னா, நாளைக்குத் திட்ட வர மாட்டான்."