கொள்ளைக்காரனுக்கு ஒற்றை நட்சத்திரம்

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவன் கைப்பேசியை மேசைமேல் விட்டெறிந்தான். பொழுதுபோக்குப் பூங்காவின் படகுச் சவாரியில், இருட்டுக் குகைக்குள் கடற்கொள்ளைக்காரன் வேடத்தில் பாய்ந்து பயணிகளை மிரட்டுவது அவன் வேலை.

“எவனோ ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருக்கான்டி! ‘கொள்ளைக்காரன் கத்தலில் பயமே இல்லை. அவரால் இதைவிடப் பயங்கரமாகக் கத்த முடியும்’னு விமர்சனம் வேற. மேனேஜர் எல்லார் முன்னாடியும் வாசிச்சுக் காட்டி மானத்தை வாங்கிட்டான். என்னால முடியும்னு எழுதினவனுக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் எழுதினேன்” என்றாள் மனைவி. “நேத்து பாப்பாவோட அந்தப் படகுல வந்தேன். கத்துறது நீங்கன்னு தெரியாம, அவ கை தட்டிச் சிரிச்சா.”

“ரெண்டு பேரும் சேர்ந்து என் பொழைப்புல மண்ணள்ளிப் போடுறீங்களா? எங்கடி அவ?” வீடே அதிரக் கத்தினான்.

“நீங்க செருப்பைக் கழட்டுறப்பவே கட்டிலுக்கு அடியில போயிட்டா.”