வானத்துக் கை

இந்தக் கதையை நான் முதலில் கேட்டது 1994 நவம்பரில், இங்கிலாந்தின் ஷ்ராப்ஷர் மாவட்டத்து ஆல்டர்வெல் என்ற சிற்றூரில். சொன்னவர் மிரியம் ஓட்லி. பெட்டிக்குள் அடங்கும் குட்டி ரயில்களைச் செய்து ஓட்டும் அவ்வூர்ச் சிற்றுரு ரயில் சங்கத்துக்கு முப்பது ஆண்டுகளாகத் தேநீர் போட்டவர். தண்டவாளத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தண்டவாளம் போடுகிறவர்களைப் பற்றி எல்லாமே தெரியும்.

"அவுட்!" என்றார் செட்ரிக் ஹாலம்.

டோரீன் பிளாக்ஷாவின் சுட்டுவிரல் இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தது. குழந்தைச் செருப்பு வந்த அட்டைப்பெட்டி அது. உள்ளே ஒரு பிளாட்பாரம், ஒரு பால் பண்ணை, அரைக் கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் எஞ்சின். இரண்டு குளிர்கால உழைப்பு. ஒன்பதாவது நடையில், தண்டவாளம் பிரியும் இடத்தில், எஞ்சின் நின்றுவிட்டது.

"சும்மா தொட்டேன், மிஸ்டர் ஹாலம். பூ மாதிரி."

"பூவோ புல்டோசரோ, விதி விதிதான். நிஜ ரயில் நின்னுபோனா வானத்துலேர்ந்து ஒரு கை வந்து தள்ளி விடுமா, மிஸஸ் பிளாக்ஷா?"

"நம்ம ஊர் ரயிலுக்கு அப்படி ஒரு கை வந்தா நல்லாத்தான் இருக்கும்," என்றார் பக்கத்து மேசை நார்மன்.

தேவாலய மண்டபமே சிரித்தது. செட்ரிக் சிரிக்கவில்லை. விதிகளை எழுதியவர் அவர், நடுவரும் அவர், போட்டியாளரும் அவரே. கை படாமல் பத்து நடை ஓடும் ரயில் மட்டுமே மாவட்டக் கண்காட்சிக்குப் போகலாம். ஆண்டுக்கு ஒன்றுதான். பதினோரு ஆண்டுகளாகப் போய்வந்தது செட்ரிக்குடையது. டோரீன் மூன்றாம் முறையாக வெளியேறுகிறார்.

"தண்டவாளத்தைத் துடைக்கணும்மா."

"துடைச்சேன்."

"எதால?"

"ஸ்பிரிட்டால."

"பக்தியோட துடைக்கணும்."

சொல்லிவிட்டுத் தம் இடத்தில் போய் அமர்ந்தார். அவருடையது கோப்பு வைக்கும் அட்டைப்பெட்டிக்குள் ஒரு கல் குவாரி. மேசை மேல் வைத்தால் அதிர்வு ஆகாதென்று, இரண்டு மேசைகளுக்கு நடுவே பாலம்போல் வைத்திருந்தார். தரைவரை கறுப்புத் துணி. வலக்கை வேகத் திருகின் மேல். இடக்கை எப்போதும் துணிக்குள். முழங்கால் வலியாம், தேய்த்துவிட வேண்டுமாம்.

ரயில் ஓடியது. குலுங்காமல், திணறாமல், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல.

"ஆறு!" என்று எண்ணியது மண்டபம்.

டோரீன் எஞ்சினைப் பஞ்சில் சுற்றிக்கொண்டிருந்தார். ஆத்திரத்தில் கொஞ்சம் இறுக்கியே சுற்றிவிட்டார். எள்ளளவு திருகாணி ஒன்று நழுவித் தரையில் விழுந்தது.

"யாரும் அசையாதீங்க!" என்று முழங்கினார் நார்மன்.

அந்தக் கூட்டத்தில் இதைவிடப் புனிதமான கூக்குரல் கிடையாது. நாற்பது பேர் சிலையானார்கள். ஒருவர் கேக்கைக் கடித்த வாயை மூடாமலே நின்றார். டோரீன் மண்டியிட்டுத் தவழ்ந்தார். திருகாணி உருண்ட வழியே போய், கறுப்புத் துணியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டார்.

முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. அதற்குச் சற்று மேலே, பெட்டியின் அடிப்பாகத்தை ஒட்டி, செட்ரிக்கின் இடக்கை. அதில், சமையல்காரத் தொப்பி போட்ட பன்றி உருவத்தில் ஒரு ஃப்ரிட்ஜ் காந்தம்.

பன்றி மெதுவாக வலமிருந்து இடம் போனது. நின்றது. இடமிருந்து வலம் திரும்பியது.

"ஏழு!" என்றது மேலே மண்டபம்.

டோரீன் திருகாணியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நேரே மிரியமிடம் போனார்.

"ஒரு டீ. கப்பு நிறைய. சாஸரோட."

"உனக்கா?"

"நடுவருக்கு. எலுமிச்சை கேக்கும் ஒரு துண்டு. பெருசா வை, தட்டுல."

எட்டு முடிந்து ஒன்பதாவது நடை. ரயில் குவாரிப் பாலத்தின் மேல் வந்துகொண்டிருந்தது.

"பாவம், காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்கல நீங்க. பிடிங்க, மிஸ்டர் ஹாலம்."

"அப்படி மேசை மேல வெச்சிட்டுப் போங்க."

"ஐயையோ, அதிர்வு ஆகாதே!"

நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மண்டபத்தில் ரயிலைக் கையால் தள்ளினாலும் ஒருநாள் மன்னிப்பு உண்டு. நீட்டிய டீயை மறுத்தவருக்குக் கிடையாது. செட்ரிக்கின் வலக்கை திருகை விட்டுச் சாஸரை வாங்கியது. ரயில் சற்றும் பிசகாமல் போய்க்கொண்டிருந்தது.

"கேக்கு?"

"அப்புறம்."

"மிரியம் மனசு என்ன பாடுபடும்! அந்தக் கை சும்மாதானே இருக்கு?"

செட்ரிக் மிரியமைப் பார்த்தார். கேக்கைப் பார்த்தார். இடக்கை, வளையை விட்டு வரும் எலிபோல, துணிக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தது.

பாலத்தின் நட்டநடுவில் ரயில் நின்றது. கீழே தரையில் 'டக்' என்று ஓர் ஓசை.

டோரீன் நிமிர்ந்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "யாரும் அசையாதீங்க! நடுவரோடது ஏதோ கீழ விழுந்துடுச்சு. எல்லாருமா சேர்ந்து தேடிக் குடுப்போம்."

மிரியம் ஓட்லி இத்துடன் நிறுத்திவிடுவார். 2003-இல் நார்மனிடம் நான் கேட்ட முடிவு வேறு. அதில் யாரும் தேடவில்லை. டோரீன் மட்டும் குனிந்து எதையோ எடுத்துத் தம் கம்பளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு அவருடைய செருப்புப்பெட்டி இரண்டு மேசைகளுக்கு நடுவே அமர்ந்து, பத்து நடையும் நிற்காமல் ஓடி, மாவட்டக் கண்காட்சிக்குப் போனது. பாவம், அதற்குள் அவருக்கும் முழங்கால் வலி வந்துவிட்டதாம்.