நாலு மணிச் சண்டை

"இது துவைச்ச துண்டா, தரை துடைச்ச துணியா?"

சரியாக நாலு மணிக்கு மாமியார் ஆரம்பித்தாள். துண்டு சோபாவில் போய் விழுந்தது.

"பிடிக்கலைன்னா நீங்களே துவைச்சுக்குங்க அத்தை!"

மருமகள் உள்ளே போய்க் கதவைப் படீரென்று சாத்தித் தாழ் போட்டாள். இந்த வாரத்தில் இது ஐந்தாவது சண்டை.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு டீச்சர் வந்துவிட்டாள். மேடைக்கு மேடை பெண்ணுரிமை பேசுகிறவள், எதிர்வீட்டை விட்டுவிடுவாளா?

"திங்கக்கிழமை அந்தப் பொண்ணுக்கு எம்.ஏ. கடைசிப் பரீட்சை. இப்பப் போய் தினம் அழ வைக்கிறீங்களே, நீங்களும் ஒரு பொம்பளைதானே?"

"பரீட்சை எழுதினா துண்டு வெளுத்துடுமா?" என்றாள் மாமியார்.

டீச்சர் மாமனாரைப் பார்த்தாள். அவர் பேப்பருக்குள் புகுந்துகொண்டார்.

"பொம்பளைங்க விஷயத்துல நான் தலையிடறதில்லைங்க."

இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகன் சட்டையை நீட்டினான். "அம்மா, பொத்தான் அறுந்துபோச்சு. அவளைக் கூப்பிடேன்."

"நீயே போய்க் கூப்பிடுடா."

மகன் சாத்திய கதவைப் பார்த்தான். "ஐயோ, வேண்டாம்மா." வேறு சட்டை மாட்டிக்கொண்டான். மாமனாரும் தாமே எழுந்து போய் டீ போட்டுக்கொண்டார். அடுப்புக் குமிழை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்கக்கூட மருமகளைக் கூப்பிடவில்லை.

"ராட்சசி!" என்று முணுமுணுத்தாள் டீச்சர். பிறகு கடிகாரத்தைப் பார்த்துப் பதறினாள். "அடடா, எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம். டீ கையில இல்லைன்னா ஆடிடுவார்." ஓடிவிட்டாள்.

மகன் வேலைக்குப் போய், ஏழு மணிக்கு மாமனாரும் நடைக்குப் போன பிறகு, மாமியார் கதவை இரண்டு முறை மெல்லச் சுரண்டினாள்.

கதவு திறந்தது. கட்டில் முழுக்கப் புத்தகங்கள்.

"எத்தனை பாடம் முடிஞ்சுது?"

"ரெண்டு, அத்தை. நாளைக்கு எதுக்குச் சண்டை?"

"சட்டைப் பொத்தான். நீயும் கொஞ்சம் சத்தமாக் கத்து. இன்னைக்கு உன் குரல்ல சுரத்தே இல்லை."

மருமகள் சிரித்தாள். "படிக்கிறேன்னு நேராவே சொல்லிடலாமே அத்தை? பாவம், தெருவே உங்களைத் திட்டுது."

"போன மாசம் சொல்லிப் பார்த்தோமே! அப்பனும் மகனும் பதினோரு தடவை கதவைத் தட்டினாங்க. படிக்கிற பொம்பளையை யார் வேணும்னாலும் கூப்பிடலாம். கோவிச்சுக்கிட்டவளைத்தான் எவனும் கூப்பிட மாட்டான்."

மாமியார் அழுக்கேறாத அந்தத் துண்டை எடுத்து மடித்தாள்.

"என் பி.ஏ. ரெண்டாம் வருஷத்தோட நின்னுபோச்சு. அப்ப எனக்குக் கோபமே வராதுன்னு இந்த வீட்டுல பேரு."