ஆற்றோடு ஆயிரம் மைல்

“திரும்பிப் பாக்காதே, பாக்யம்! பின்னால ரெண்டு பேரு வர்றானுங்க.”

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி கண்ணாடியைப் பார்த்தார் கலைவாணன். மருதையாற்றங்கரை வண்டிப்பாதையில், புழுதிக்கு நடுவே ஒரு மொபெட். ஓட்டியவன் முகத்தில் துண்டு. பின்னால் இருந்தவன் முகத்திலும் துண்டு. அவன் கையில் நீளமாக, கறுப்பாக, தடி மாதிரி என்னவோ இருந்தது.

பின் சீட்டிலிருந்து சத்தம் இல்லை. அது காலையில் அவரே போட்ட சட்டம்.

கலைவாணன் சென்னையில் மேலாளராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். ஓய்வு பெற்ற மறுநாளே வரலாற்று ஆய்வாளர் என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்து, விசிட்டிங் கார்டும் அடித்துவிட்டார். இப்போது செல்ஃப் டிரைவுக்கு ஒரு ஜீப் எடுத்துக்கொண்டு, ‘ஆற்றோடு ஆயிரம் மைல்’ என்ற யூடியூப் தொடருக்காகக் கிளம்பியிருந்தார்.

மருதையாறு பெரம்பலூர்ப் பக்கம் புறப்பட்டு, அரியலூர் தாண்டிக் கொள்ளிடத்தில் கலந்துவிடும். மீதி மைலுக்கு எங்கே போவது என்று அவருடைய நாற்பத்து மூன்று பார்வையாளர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

குழுவில் மொத்தம் இரண்டே பேர். பயணத் தலைவர் அவர். மற்ற எல்லா வேலையும் மனைவி பாக்யலட்சுமி. ஆற்றில் பொறுக்கிய ‘ஆராய்ச்சிக் கற்கள்’ முன் சீட்டை எடுத்துக்கொண்டதால், அந்த அம்மாளுக்குப் பின்னால் கூடாரத்துக்கும் மெத்தைக்கும் நடுவில்தான் இடம்.

காலையில், “சோழர் படைக் குதிரைகள் நீர் அருந்திய நதி இது!” என்று அவர் கேமரா முன் கை நீட்டிய நேரத்தில் பாக்யம் கேட்டுவிட்டாள்: “ஏங்க, தண்ணி எங்கங்க?” டேக் வீணாயிற்று. இனிமேல் படம் பிடிக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

அதற்கப்புறம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பாடாலூர் தாண்டி ஒரு சிறு பாலத்தில், அவருடைய ஜீப் புழுதி பறக்கப் போய் மறையும் காட்சி மூன்றாவது டேக்கில் பிரமாதமாக அமைந்துவிட்டது என்று ஓட்டும்போதே அவருக்குத் தோன்றியது. அந்த உற்சாகத்திலேயே ஆற்றங்கரைப் பாதையைப் பிடித்தார். நடுவில் யாரும் கூப்பிட்டுத் தொல்லை பண்ணாமல் இருக்கப் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, டாஷ்போர்டில் மாட்டி, அதைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தார்.

மொபெட்டைக் கவனித்ததும் பேச்சு நின்றது.

“மணல் திருடனுங்கதான். போன வீடியோல ‘மணல் கொள்ளையர்களே, உங்களை விட மாட்டேன்’னு சொன்னேன்ல? பாத்துட்டானுங்க.” அந்த நடுக்கத்திலும், வீடியோவை யாரோ கடைசி வரை பார்த்திருக்கிறார்கள் என்பதில் அவருக்கு ஒரு சின்ன திருப்தி இருந்தது.

பின்னால் இருந்தவன் தடியைத் தூக்கி ஆட்டினான். ஹாரன் விடாமல் அலறியது.

“பாக்யம், கழுத்துச் செயினைக் கழட்டி சீட்டுக்கு அடியில போடு. பெட்ஷீட்ட இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துக்க. மூச்சு விடாதே!”

மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகச் சொன்ன பேச்சைக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

பாதை முடிந்து ஆறு குறுக்கே வந்தது. யோசிக்க நேரமில்லை. ஜீப்பை ஆற்றில் இறக்கினார். பாதி தூரத்தில் சக்கரங்கள் மணலுக்குள் அரை ஆள் குழி பறித்துக்கொண்டு உட்கார்ந்தன. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி இன்னும் இறங்கியது.

கலைவாணன் கீழே குதித்தார். “நீ உள்ளயே இரு!” என்று கதவைப் பூட்டிவிட்டு ஓடி, எதிர்க்கரைக் கருவேலம் புதருக்குள் பதுங்கினார். அவளுடைய பாதுகாப்புக்காகத்தான் பூட்டினோம் என்று இரண்டு முறை தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். முழங்காலில் முள் ஏறியது.

மொபெட் கரையில் நின்றது. இரண்டு பேரும் மணலில் இறங்கி நடந்து வந்தார்கள். ஓட்டி வந்தவன் ஜீப்பைச் சுற்றி வந்து, பின் கதவுக் கண்ணாடியில் முகத்தை வைத்து உள்ளே பார்த்தான். கைப்பிடியை இழுத்தான்.

அதற்கு மேல் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஆயிரம் குறை சொன்னாலும் பாக்யம் அவருடைய பாக்யம். கையிரண்டையும் தூக்கிக்கொண்டு, முள் கிழித்த சட்டையோடு ஓடி வந்தார்.

“ஐயா, வீடியோவ அழிச்சிடுறேன்யா! வண்டி வேணுமா, எடுத்துக்கங்க. என்னைய அடிங்க, வாங்கிக்கிறேன். உள்ள என் சம்சாரம் இருக்கா. அவளை மட்டும் ஒண்ணும் பண்ணிடாதீங்கய்யா!”

ஓட்டி வந்தவர் துண்டை அவிழ்த்தார். நரைத்த மீசைக்காரர். ஜீப்பை ஒரு தரம் பார்த்தார், இவரை ஒரு தரம் பார்த்தார், தமக்குப் பின்னால் நின்ற ஆளையும் திரும்பிப் பார்த்தார்.

“சாரு என்னம்மா இப்புடிச் சொல்றாரு?”

பின்னால் நின்ற ஆள் கையிலிருந்த கேமரா ஸ்டாண்டை மணலில் ஊன்றி, முகத்துத் துண்டை உருவியது.

“போற ஷாட்டு நல்லாத்தான் வந்திருக்குங்க,” என்றாள் பாக்யம், “திரும்பி வந்து என்னைய ஏத்திக்கிறதைத்தான் மறந்துட்டீங்க.”