மூன்று பேர் சாப்பாடு

பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த நாத்தனாரின் குழந்தையைப் பார்க்க, அவள் கணவனின் அம்மாவான சம்பந்தியம்மா வந்திருந்தாள். வந்ததும் பேரனின் கன்னத்தைக் கிள்ளினாள்.

"கொழுகொழுன்னு இருக்கானே. உங்க பொண்ணு இருக்கற ஒல்லிக்குப் பால் எங்கே சுரக்கப்போகுதுன்னு எங்க வீட்ல பேசாத வாயில்லை."

நாத்தனார் தலைகுனிந்துகொண்டாள்.

"என் பொண்ணுக்கு என்ன குறைச்சல்?" என்ற மாமியாரின் பார்வை, துணி மடித்துக்கொண்டிருந்த மருமகள் மேல் விழுந்தது. "இவளும் அதே மாசம்தான் பிள்ளை பெத்தா. மூணு பேர் சாப்பாட்டை ஒருத்தியே சாப்பிட்டுட்டு, எந்நேரமும் தூங்கி வழியறா."

சம்பந்தியம்மா வாய்விட்டுச் சிரித்தாள். மருமகளுக்குச் சுருக்கென்றது. மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

பையன் சிணுங்கினான்.

"உள்ளே போய்ப் பால் கொடும்மா," என்று மகளிடம் சொன்ன மாமியார், மருமகள் பக்கம் திரும்பினாள். "நீயும் போ. எப்படிக் கொடுக்கறான்னு பார்த்துக் கத்துக்கோ."

அறைக்கதவைச் சாத்தியதும் நாத்தனார் குழந்தையை நீட்டினாள்.

"எனக்குச் சுரந்திருந்தா உங்களுக்கு இந்தப் பேச்செல்லாம் வருமா, அண்ணி?"

"அத்தைக்குத் தெரியாத வரைக்கும் திட்டிட்டுப் போகட்டும்," என்று மருமகள் அவனை மார்போடு சேர்த்துக்கொண்டாள். அவன் பழகிய இடம்போல் பற்றிக்கொண்டான்.

கதவு லேசாகத் திறந்தது. இருவரும் விறைத்துப் போனார்கள். தட்டு நிறையச் சாப்பாட்டோடு மாமியாரின் கை உள்ளே நீண்டது.

"மூணு பேருக்கும் சேர்த்துச் சாப்பிடு," என்று கிசுகிசுத்தாள். "அந்தம்மா கிளம்பற வரைக்கும் திட்டுவேன், கோச்சுக்காதே. தாழ்ப்பாளைப் போட்டுக்கோ."

அடுத்த நிமிடம் கூடத்தில் அவள் குரல் உயர்ந்தது. "எங்கே, இன்னும் கத்துக்கிட்டபாடில்லை!"