தத்துப்பூச்சிக்கு வந்த ஆடுகள்

காங்கேயத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் புல்லில் தத்தித் திரியும் அரிய தத்துப்பூச்சி ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்த அதிகாரிகள், ஆடுகள் நுழையாதபடி வேலி போட்டார்கள். மேய்ச்சலுக்கு வேறு இடமில்லாத மயிலாத்தாள் தன் ஒன்பது வெள்ளாடுகளையும் விற்றுவிட்டு மில் வேலைக்குப் போனாள்.

இரண்டே வருஷத்தில் புல் இடுப்பளவு வளர்ந்தது. குட்டைப்புல்லில் மட்டுமே வாழும் அந்தப் பூச்சி காணாமல் போனது. அதிகாரி அவள் வீட்டுக்கே ஓடி வந்தார்.

"மேய விடாதது தப்புதாம்மா. இந்தாங்க, பன்னிரண்டு இயந்திர ஆடு. இனி நீங்கதான் அரசு மேய்ப்பர்."

மயிலாத்தாளின் மகள் ஓர் ஆட்டின் அடிவயிற்றைத் தடவினாள். தகரம் சில்லென்றிருந்தது.

"அம்மா, இதுக்கு மடியே இல்லே."

"ஏனுங்க, புள்ளைக்கு ரெண்டு வருஷமா வரக்காப்பிதானுங்க. இது பால் குடுக்குங்களா?"

அதிகாரி கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பூச்சி பால் குடிக்காதேம்மா."